இரண்டு விரல் துணி

“சட்டைய ரெண்டு விரல்கிட்ட குடுத்திருக்கேன், வெள்ளிக்கிழமை தந்துடுவாரு” என்று என் வீட்டுக்காரர் சொன்னபோதுதான் அந்தப் பெயரை நான் முதலில் கேட்டேன். படை முகாமின் குடும்பக் குடியிருப்புக்கு நாங்கள் குடிவந்து நாலு நாள் ஆகியிருந்தது. அவருக்கு அங்கே லாரி ஓட்டும் வேலை. ஐயோ பாவம், இரண்டே விரலை வைத்துக்கொண்டு அந்த மனுஷர் ஊசியில் எப்படி நூல் கோக்கிறாரோ என்று எனக்கு இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சட்டையை வாங்க நானே போனேன். பத்து விரலும் பத்திரமாக இருந்தன. வாய் நிறையக் குண்டூசி, கழுத்தில் டேப். ஒரு காலில் செருப்பு, இன்னொரு கால் வெறுங்கால். மெஷினின் மிதியை வெறுங்காலால் தொட்டால்தான் அதற்கு இன்றைக்கு என்ன கோபம் என்று தெரியுமாம்.

குண்டூசிகளைத் துப்பாமலே பேசுவார். ஒன்றுகூடக் கீழே விழாது. “உக்காருங்கம்மா, காஜா மட்டும் பாக்கி” என்று பொத்தான் துளைக்கு நூல் ஓட்டினார். நான் சும்மா உட்காருகிற ஆளா? எந்த ஊர், அப்பா யார், அம்மா கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே போனதில், காஜா முடிவதற்குள் முறை வந்துவிட்டது. என் நாத்தனாரைக் கட்டியவருக்கு அவர் சித்தப்பா மகன். நாத்தனார் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கோட்டில் பொத்தான் தெறித்துப்போய், யாரோ ஓர் ஒல்லிப் பையன் நின்ற நிலையிலேயே தைத்துக் கொடுத்தான் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஒல்லிப் பையன் இவர்தான். “அப்ப நீ எனக்குத் தங்கச்சி முறை” என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன். மற்ற எல்லாருக்கும் நேரில் ‘மாஸ்டர்’, முதுகுக்குப் பின்னால் ‘ரெண்டு விரல்’.

அந்தப் பெயருக்குக் காரணம் அன்றைக்கே கண்ணில் பட்டது. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்குக் கால்சட்டை வெட்டிக்கொண்டிருந்தார். சாக்கட்டியால் பின்பக்கத் தையலுக்குக் கோடு போட்டார். கோட்டை ஒட்டி இரண்டு விரலைப் படுக்க வைத்து, அதற்கு வெளியே இன்னொரு கோடு போட்டார். கத்தரி வெளிக்கோட்டில்தான் ஓடியது. இவ்வளவு துணியை எதற்கு உள்ளே வீணாக்குகிறீர்கள் என்றேன்.

“மனுஷன் என்ன மரச்சட்டமா தங்கச்சி, வாங்கின அளவுலயே கிடக்க? இன்னிக்கி எலும்பா வந்திருக்கான். நல்லாத் தின்னு நல்லாத் தூங்கினா ஆறு மாசத்துல சதை போடுவான். அப்ப பிரிச்சு விட்டா போதும்.”

எதை வெட்டினாலும் அவருக்கு அதே கணக்கு. மெஷின் உறை தைத்தாலும் உள்ளே இரண்டு விரல். என் வீட்டு ஜன்னல் திரைக்கும் அப்படித்தான் விட்டார். “ஏன்ணே, ஜன்னலுமா சதை போடும்?” என்று கேட்டதற்கு, “தண்ணில போட்டா துணி சுருங்குமில்ல” என்று முறைத்தார்.

எனக்குப் படிப்பு ஐந்தோடு நின்றது. கை மட்டும் ஓடும். பொத்தான் தைக்கவும் காஜா எடுக்கவும் ஆள் தேடிக்கொண்டிருந்தார், நான் போய் உட்கார்ந்தேன். ஸ்டோருக்குப் பின்னால் நீளமான அறை. மூன்று மெஷின், அதில் ஒன்று எப்போதும் படுத்த படுக்கை. ஒரு மூலையில் அளவு பார்க்கத் திரை. ஜன்னலோரம் என் ஸ்டூல், பக்கத்தில் பொத்தான் டப்பா. அவரும் சிப்பாய்தான். துப்பாக்கி சுடத் தெரியும், பரேடு தெரியும். ஆனால் சேர்ந்த இரண்டாம் வருஷமே அவர் கையைப் பார்த்துத் தையல் அறையில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் அந்த அறைதான்.

கையைத் தூக்கி நிற்கிற ஆண்பிள்ளை வாயை மூட மாட்டான் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். டேப் நெஞ்சைச் சுற்றியதும் பேச்சு தானாக வரும். பெண்டாட்டி பிரசவம், தம்பியின் வேலை, வீட்டுக் கூரை ஒழுகுவது எல்லாம் வரும். “மூச்ச இழுத்துப் பிடிக்காதடா, பொண்ணு பாக்கவா வந்திருக்க?” என்பார் அண்ணன். கேட்டதை அறைக்கு வெளியே கொண்டு போக மாட்டார். என்னையும் கொண்டு போக விட மாட்டார். இப்போது சொல்கிறேன் என்றால், அவரே சொல்லச் சொன்னதால்தான்.

கம்பெனி என்று சொல்கிற அந்தப் படைப்பிரிவில் நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒருவனுக்குப் பாட்டுக்காரன் என்று பெயர். அவன் அளவு கொடுக்கும்போது பேச மாட்டான், மெல்லிய குரலில் எதையாவது பாடிக்கொண்டிருப்பான். டேப் வயிற்றுக்கு வரும்போது மட்டும் பாட்டு நின்று, கூச்சத்தில் ஒரு துள்ளல் துள்ளிவிட்டுத் தொடரும். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா ஒருத்திதான். அவனுடைய சித்தியை எனக்குத் தெரியும், அது வேறு கதை.

மழைக்காலத்தில் முகாமின் பின்பக்க மதில் நாற்பது அடி நீளத்துக்குச் சரிந்தது. காவல் இரட்டிப்பானது. அதே சமயத்தில் பழைய மேஜர் மாற்றலாகிப் போய், வேறொருவர் வந்தார். அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைக்கச் சிப்பாய்களுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. உட்கார்ந்தால் மடிப்பு கலையும் என்று நின்றுகொண்டே கையெழுத்துப் போடுகிற மனுஷர். கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். கத்தினதில்லை, கை ஓங்கினதில்லை. மிடுக்குக்காகக் கேடயம் வாங்கிய படையிலிருந்து வந்தவர். உடுப்பு தொளதொளவென்றிருந்தால் உள்ளே இருக்கிறவனும் தொளதொளவென்றுதான் இருப்பான் என்று மனசார நம்பினார்.

சனிக்கிழமை காலை வரிசையில் நிற்க வைப்பார். ஒவ்வொருவனின் இடுப்புப் பட்டிக்குள்ளும் கட்டைவிரலை நுழைத்து இழுத்துப் பார்ப்பார். விரல் தாராளமாகப் போனால் கையிலிருக்கிற நோட்டில் ஒரு கோடு. கோடு விழுந்தவனுக்கு அந்த மாதம் லீவு கிடையாது. ஒரு வரிசையில் ஒருத்தனுக்குப் பொத்தான் இல்லையென்றால், வரிசை மொத்தத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு போச்சு. எதற்கு, எதுவரைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. இரட்டைக் காவல் எப்போது முடியும் என்று கேட்டால், “முடியும்போது முடியும்” என்று சார்ஜன்ட் சொல்வார். அவருக்கும் தெரியாது. அவரிடமும் யாரும் சொல்லவில்லை.

தூக்கம் பாதியானது. சமையல்காரர் மாறவில்லை, சோறும் மாறவில்லை. தட்டில் மிச்சம் விழ ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் இடுப்புகள் இளைத்தன. இளைத்த இடுப்பில் கால்சட்டை தளர்ந்தது. அங்கே மேஜரின் கட்டைவிரல் போனது, கோடு விழுந்தது, லீவு போனது. லீவு போனவன் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து விட்டு எழுந்து போனான். அடுத்த சனிக்கிழமைக்குள் இன்னும் இளைத்தான்.

அதனால் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் அறை வாசலில் கூட்டம் நெரிந்தது. “மாஸ்டர், இடுப்ப ஒரு இஞ்சு பிடிங்க.” “மாஸ்டர், என்னோடத முதல்ல பாருங்க, தங்கச்சிக்கு நிச்சயம், நான் போயே ஆகணும்.” “அவனுக்குத் தங்கச்சியே கிடையாது மாஸ்டர்!” முதலில் சிரித்தார்கள். அப்புறம் வரிசையில் யார் முன்னால் என்று சண்டை போட்டார்கள். பிறகு பேசாமல் நின்றார்கள். சண்டை போட்டபோதாவது பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

பொத்தான் விஷயம் அதைவிட மோசம். முன்பெல்லாம் ஒருத்தனுக்குப் பொத்தான் விழுந்தால் பக்கத்துக் கட்டில்காரன் தன்னிடமிருப்பதைக் கொடுப்பான். இப்போது எல்லோரும் ஒளித்து வைத்தார்கள். ஒரு நாள் ஒரு சட்டையைக் கையில் எடுத்தேன். மேலிருந்து மூன்றாவது பொத்தான் என் கை முடிச்சோடு இருந்தது. பச்சை நூல் தீர்ந்துபோய் நான் நீல நூலில் போட்ட முடிச்சு. ஆனால் நான் தைத்தது வேறொருவன் சட்டையில். கொடியில் காய்ந்த சட்டையிலிருந்து நூலோடு பிய்த்தெடுத்துத் தன் சட்டையில் கோத்திருக்கிறான். அண்ணனிடம் காட்டினேன். அவர் பொத்தானைப் பார்த்தார், சட்டைக்காரன் பெயரைப் பார்த்தார்.

“இவன் போன வருஷம் ஆத்து வெள்ளத்துல, கூட வந்தவன தோள்ல தூக்கிட்டு வந்தவன் தங்கச்சி” என்றார். “யாரத் தூக்கிட்டு வந்தான் தெரியுமா? இந்தப் பொத்தானுக்குச் சொந்தக்காரனத்தான்.”

டப்பாவிலிருந்து இரண்டு பொத்தான் எடுத்து, இரண்டு சட்டையிலும் பேசாமல் தைக்கச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் மேஜரிடமிருந்து தையல் அறைக்கு உத்தரவு வந்தது. இடுப்பைப் பிடிக்கும்போது மிச்சத் துணியை உள்ளே மடித்து வைக்கக் கூடாது, வெட்டிவிட வேண்டும், தடிப்புத் தெரிகிறது. அண்ணன் “சரி சார்” என்றார். வெட்டவில்லை. மிச்சத்தைத் தட்டையாக மடித்து, ஓட்டுத் தையல் போட்டு, சூடாக இஸ்திரி போட்டு அமுக்கி அனுப்பினார். அதற்குப் பென்ஷனே போகலாம் என்று என் வீட்டுக்காரர் வந்து எச்சரித்தார்.

“மச்சான், உங்களுக்கு ஏன் இந்த வம்பு? வெட்டச் சொன்னா வெட்டிட்டுப் போங்களேன்.”

“வெட்டிடலாம் மாப்ள. திரும்பச் சதை போட்டா எங்கேருந்து எடுப்ப? உன் லாரி சீட்லேருந்தா?”

பாட்டுக்காரனின் அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்த செய்தி வந்தது. இரண்டு முறை லீவு கேட்டான். இரண்டு முறையும் கோடு. மூன்றாவது வெள்ளிக்கிழமை எங்கள் அறைக்கு வந்தான். பாட்டு எப்போதோ நின்றிருந்தது. டேப் வயிற்றைச் சுற்றியபோது துள்ளவுமில்லை. “நாளைக்குக் கோடு விழாம இருந்தா மத்தியானம் பஸ்ஸு, மாஸ்டர். என்னக் கூட்டிட்டு வரச் சொல்லி அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்” என்றான்.

அந்தக் கால்சட்டை ஏற்கெனவே இரண்டு முறை பிடித்தது. மூன்றாவது முறையும் பிடித்தால் பின்தையலுக்குள் துணி கயிறு மாதிரி திரளும். எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. “அண்ணே, இத மட்டும் வெட்டிடுங்க” என்றேன். கத்தரியைக் கையில் எடுத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். கீழே வைத்துவிட்டார்.

“இத வெட்டினா, ‘நீ இனிமே இவ்வளவுதான்’னு நானே அவனுக்கு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும் தங்கச்சி” என்றார். இஸ்திரிப் பெட்டியை எடுத்து நாலு முறை அமுக்கித் தேய்த்தார்.

சனிக்கிழமை மேஜரின் கட்டைவிரல் உள்ளே போகவில்லை. அச்சாகப் பிடித்திருந்தது. பாட்டுக்காரனின் முகத்தில் உயிர் வந்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். மேஜர் ஓரடி நகர்ந்தவர், பின்பக்கம் பார்த்து நின்றார். தடிப்பு. திருப்பிப் பார்க்கச் சொன்னார். தையல் மாஸ்டரைக் கத்தரியோடு கூப்பிட்டார்கள்.

அண்ணன் போய், “தப்பு என்னோடது சார். கோட்ட எம் பேர்ல போடுங்க. அவன் அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, அவன விட்டுருங்க” என்று கேட்டார்.

“ரெண்டு பேர் பேர்லயும் போடலாம்” என்றாராம் மேஜர், அமைதியாக. அம்மாவைப் பற்றி அவன் கொடுத்த இரண்டு லீவு மனுவிலும் எழுதியிருந்தது. படித்தாரா, படிக்காமல் கோட்டை மட்டும் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே பிரித்து வெட்டச் சொன்னார். அண்ணன் வெட்டினார்.

அந்த அம்மா திங்கட்கிழமை போய்விட்டார். செவ்வாய்க்கிழமை செய்தி வந்ததும் மேஜர் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார் என்று ஆபீஸ் கிளார்க் சொன்னார். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வரிசை நின்றது, நோட்டும் இருந்தது.

திரும்பி வந்த பாட்டுக்காரன் எங்கள் அறைப் பக்கமே வரவில்லை. கால்சட்டை தளர்ந்தபோது உள்பக்கமாகத் தானே ஊக்கு குத்திக்கொண்டான். வழியில் அண்ணனைப் பார்த்தால் செருப்பை உதறுவதுபோல் குனிந்துகொள்வான்.

அண்ணன் எல்லாவற்றையும் வெட்ட ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை மாலை என் ஸ்டூலைச் சுற்றிப் பச்சைத் துணி நறுக்குகள் குவியும். நான் பெருக்கிச் சாக்கில் போடுவேன். புதிதாகத் தைப்பதிலும் ஒற்றைக் கோடுதான். வந்தவர்களை அவர் கிண்டல் செய்யவில்லை. “கையத் தூக்கு. இறக்கு. போ.” ஒரு நாள் குனிந்து பார்க்கிறேன், இரண்டு காலிலும் செருப்பு. மிதி அடித்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. “அண்ணே, கால்ல அடியா?” என்றேன். “தைக்கறதுக்குக் கால் எதுக்கு” என்றார்.

ஐந்தாறு மாதத்தில் இஸ்திரிக்கு மாற்றல் வந்தது. வழக்கமான மாற்றல்தான், யாரும் யாரையும் தண்டிக்கவில்லை. புது மேஜர் வந்த அன்று மழை. லாரியிலிருந்து குதித்து இறங்கியபோது கால்சட்டையின் பின்தையல் மேலிருந்து கீழ் வரை விட்டுப்போயிற்று. குள்ளம், கனத்த உடம்பு. தொப்பியால் பின்னால் மறைத்துக்கொண்டு நேரே எங்கள் அறைக்குள் நுழைந்தார். “மாஸ்டர், மானத்தக் காப்பாத்துங்க” என்று சொல்லித் திரைக்குப் பின்னால் போய், கால்சட்டையை மட்டும் திரைக்கு மேலாக நீட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரே பொத்தானை மூன்று முறை தைத்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. திரைக்குப் பின்னால் ஒரு மேஜர் அரை உடுப்பில் நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும்? மூன்று சிப்பாய்கள் வந்தார்கள்.

“மாஸ்டர், இஸ்திரி போயாச்சு, இனிமேயும் பிடிக்கணுமா?”

“வரப்போறவரு எப்படியோ! அவருக்குக் கட்டைவிரல் இன்னும் பெருசா இருந்தா?”

“எனக்கு லீவு வேணாம்டா. எப்ப வரும், வராதுன்னு சொல்லிட்டாப் போதும். வீட்டுக்குக் கடுதாசி எழுதறப்ப என்ன எழுதறதுன்னு தெரியல. நாலு மாசமா ‘அடுத்த வாரம் வரேன்’னே எழுதறேன். எம் பொண்ணு இப்ப கடுதாசியப் பிரிக்கறதே இல்லையாம்.”

அண்ணன் திரைப் பக்கம் கண் காட்டவில்லை. மிதியை மட்டும் நிறுத்திவிட்டார். மெஷின் சத்தம் நின்றதும் அந்த அறையில் பேச்சு துல்லியமாகக் கேட்டது. மதில், பொத்தான், கோடு, பாட்டுக்காரன் அம்மா, எல்லாம் பேசினார்கள். அவர்கள் போன பிறகு திரைக்கு மேலாக ஒரு கை வந்தது. கால்சட்டையை வாங்கிக்கொண்டது. வெளியே வந்த மேஜர் என்னைப் பார்த்ததும் காது வரை சிவந்தார்.

“உள்ள கொஞ்சம் துணி விட்டிருந்தா கிழிஞ்சிருக்காதில்ல மாஸ்டர்?” என்றார்.

“விடறது வழக்கந்தான் சார்” என்றார் அண்ணன். “நடுவுல விட்டுப்போச்சு.”

அந்தப் புது மனுஷர் பெரிய அதிசயம் எதுவும் செய்யவில்லை. மதில் எழும்புகிற வரை இரட்டைக் காவலும் நீங்கவில்லை. லீவு ஒரு நாள்கூட அதிகமாகக் கிடைக்கவில்லை. சாப்பாட்டு அறைக்கு வெளியே ஒரு பலகை மாட்டினார். யாருக்கு எந்தத் தேதி என்று அதில் இருந்தது. ஒருவன் தேதியைத் தள்ள வேண்டியிருந்தால் பக்கத்தில் காரணம் எழுதி, அவனைக் கூப்பிட்டு நேரிலும் சொன்னார். மதிலுக்குச் செங்கல் எப்போது வரும் என்று சொன்னார். சொன்ன தேதிக்கு வரவில்லை. வரவில்லை என்று வந்து நின்று சொன்னார், “பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க, இன்னும் பத்து நாள்” என்று. ஒரு மேஜர் வாயிலிருந்து அப்படி வந்ததைக் கேட்டு அன்று முழுக்க முகாமில் அதே பேச்சு. சனிக்கிழமை வரிசை இருந்தது. நோட்டை மட்டும் அவர் கொண்டு வரவில்லை.

முதலில் தட்டில் மிச்சம் குறைந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளத்தில் தோழனைத் தூக்கி வந்த அந்தப் பொத்தான் திருடன் வந்து, “மாஸ்டர், குனிஞ்சா இறுக்குது” என்றான். அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “குனியாதடா அப்ப!” என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல்.

அதற்கப்புறம் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தார்கள். உத்தரவுக்குப் பயப்படாத காலத்தில் அண்ணன் மடித்து வைத்த கால்சட்டைகளுக்கு இரண்டு தையலைப் பிரித்தால் முடிந்தது. வெட்டிப்போட்ட கால்சட்டைகளுக்கு என்ன செய்வது? தன் பழைய உடுப்பு இரண்டைப் பிரித்தார். அதிலிருந்து ஒட்டு வெட்டி, ஒவ்வொருவன் பின்தையலிலும் வைத்துக் கொடுத்தார். நான் பெருக்கிக் கட்டிய சாக்கை அவிழ்த்துத் தேடி, நல்ல நறுக்குகளையும் எடுத்தோம். பாட்டுக்காரன் மட்டும் வரவில்லை. அவனும் உடம்பு தேறிக்கொண்டிருந்தான், ஊக்கை ஒவ்வொன்றாகக் கழற்றியிருந்தான், அதைத் தூரத்திலிருந்தே கவனித்து எனக்குச் சொல்வார் அண்ணன். “இன்னும் ரெண்டு வாரம் தாங்கும். அப்புறம் கிழியும். வந்துதான் ஆகணும்.” வாரம் இரண்டு போயிற்று, நாலும் போயிற்று. வாசலில் நிழல் விழுந்தால் நிமிர்ந்து பார்ப்பார். வேறு யாராவதாக இருப்பார்கள்.

மதில் வேலை முடிந்த வாரம் அவன் வந்தான். வாசற்படியிலேயே நின்றான்.

“இடுப்பு இறுக்குது, மாஸ்டர்.”

அண்ணன் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குட்டி ஊசி மெத்தையில் குத்தினார். இப்படி வாயைக் காலி செய்து அவர் பேசி நான் பார்த்ததில்லை.

“அன்னிக்கி நான் வெட்டியிருந்தா நீ போயிருப்ப.”

பாட்டுக்காரன் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். “வெட்டியிருந்தா இஸ்திரி காலர்ல குத்தம் கண்டுபிடிச்சிருப்பாரு. இல்லன்னா காஜாவுல” என்றான். “கோவம் இருந்துது மாஸ்டர், இல்லன்னு சொல்ல மாட்டேன். அவரு மேல கோவப்படப் பயம். உங்க மேலன்னா சுலபமா இருந்துது.”

அண்ணன் மெஷின் இழுப்பறையைத் திறந்தார். சாக்கட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்தார். வரிசைக்கு நடுவே வெட்டச் சொன்னார்களே, அந்தத் துணி. இஸ்திரி போட்டுச் சுருட்டி வைத்திருந்தார். எனக்கே தெரியாது. காலிலிருந்த ஒரு செருப்பை உதறிவிட்டு, கால்சட்டையின் பின்தையலைப் பிரித்து, அந்தத் துணியை ஆப்பு மாதிரி நடுவில் வைத்துத் தைத்தார். கால்சட்டை வெயிலிலும் மழையிலும் வெளுத்திருந்தது. இழுப்பறையில் கிடந்த துணி கரும்பச்சையாகவே இருந்தது. முதுகுக்குக் கீழே ஒரு கருப்புக் கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

“நல்லாவே தெரியுதே மாஸ்டர்” என்றான் அவன், போட்டுத் திரும்பிப் பார்த்து.

“தெரியட்டும். துணி ஒண்ணுதான்” என்று அவன் இடுப்பில் டேப்பைச் சுற்றினார் அண்ணன்.

அவன் அப்போது பாடினான் என்று எழுத எனக்கு ஆசைதான். பாடவில்லை. “டேப்ப எடுங்க மாஸ்டர், சாப்பாட்டு வரிசை நீண்டுடும்” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

இதெல்லாம் நடந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் இல்லை. நாத்தனாரும் அவர் கணவரும் இல்லை. போன மாதம் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடப் பாவாடை ஒன்று வெட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, மறுமுனையில் யாரோ சொன்னதைக் கேட்டு, வாயில் குண்டூசியோடு சிரித்தார். “நாப்பத்திரெண்டா! வெக்கமா இல்லையாடா உனக்கு?” என்றார். மெஷின் மேஜையின் பக்கவாட்டில் சாக்கட்டியால் எழுதிய எண்கள் வரிசையாக இருந்தன: முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்தைந்து என்று மேலிருந்து கீழே வந்தன. ஒவ்வொரு வருஷமும் பாட்டுக்காரன் தன் இடுப்பளவைச் சொல்லுவானாம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே குனிந்து, கடைசி எண்ணுக்குக் கீழே நாற்பத்திரண்டு என்று எழுதினார். அதற்கும் கீழே, இன்னொரு எண்ணுக்கு இடம் இருக்கிறதா என்று இரண்டு விரலைப் படுக்க வைத்துப் பார்த்தார்.

அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. மகள் வீட்டு மாடி அறையில், ஜன்னலோரமாக மெஷினைப் போட்டு, ஒரு காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.